தாய்மாரைக் காத்த செம்மல்வைஸ்

உலகிற்கு நலம் புரிந்த பெரியார் சிலர் தம் வாழ்நாளில் அதற்குரிய சிறப்பைப் பெற்றிலர். அவருள் ஒருவர் இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர். இவர் 1818-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 1-ஆம் தேதி ஹங்கேரி நாட்டுப் பூடா நகரிற் பிறந்தார். வியன்னாவிற் கல்வி முற்றி, 1846-ல் அந்நகரப் பொது ஆஸ்பத்திரியில் பிரசவப் பகுதியின் துணை வைத்தியராக அமர்ந்தார்.

ஏழைத் தாய்மார் பலர்க்கு அவ்வாஸ்பத்திரியே புகலிடம். ஆண்டுப் பிரசவப் பகுதிகள் இரண்டு. முதலாவதில் மருத்துவ மாணவரும், மற்றதில் மருத்துவச்சிகளும் பயின்றனர். 1846-ல் முதற்பகுதியிற் பிரசவித்த 4010 பேருள் 459 பேர் பிரசவ ஜுரத்தால் மாண்டனர். இரண்டாவதில் 3754 பேருள் 105 பேரே மாண்டனர். முதற்பகுதியிற் சேர்க்கவேண்டா என்று பெண்கள் கண்ணீர் விட்டு இரந்தனர்.

கெட்ட காற்றே காரணம் என்றனர் அறிஞர். காற்று இரண்டிற்கும் பொதுவன்றோ? நெருக்கமெனின், இரண்டாவதிலன்றோ அது மிகுதி? இவ்வாறு ஒவ்வொன்றாய் ஆராய்ந்து தள்ளினார் செம்மல்வைஸ். 1847 மார்ச்சு மாதத்தில் அவர் நண்பர் கொல்லெட்ச்கா, பிணச்சோதனையின்போது கத்தி பட்டு இறந்தார். அவர் உடலிற் கண்ட குறிகள் பிரசவ ஜுரத்தின் குறிகளையே ஒத்திருந்தன. உண்மை விளங்கிற்று. பிணம் அறுத்த கையோடு பிரசவம் பார்க்கச் சென்ற மருத்துவரே நஞ்சைக் கொண்டு சென்றனர்! தம் கைகளும் அவற்றுள் அடங்கும் என்பதறிந்து அவர் மனம் நொந்தார், ஆயினும் மறைத்தாரல்லர்.

மே மாதத்தில், குளோரின் கலந்த சுண்ண நீரால் யாவரும் கை கழுவவேண்டும் என விதித்தார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாயிருந்த சாவு ஜூனில் இரண்டளவிற்கு இறங்கிற்று. 1848-ல் இரு பகுதிகளும் ஏறக்குறைய சமமாயின.

எனினும், தம் கையே குற்றமுடைத்தென ஏற்கப் பெரிய வைத்தியர் பலர் இசைந்திலர். 1849-ல் அவர் பதவி நீங்கிற்று. அவரும் தம் ஆராய்ச்சியை 1861-ஆம் ஆண்டளவுமே விரிந்த நூலாக வெளியிட்டார். பின்னர் மறுத்தோரைக் கடுஞ்சொற்களால் தாக்கினார். 1865-ல் சித்தசுவாதீனம் குன்றியோர் விடுதியிற் புண் புரையோடி, 47-ஆம் வயதில் இறந்தார். பின்னரே கிருமிக் கொள்கை நிலைபெற, அவர் கண்டது மெய்யென உலகம் ஒப்பிற்று.

அன்பர்களே! நம் மக்களுள் மருத்துவமும் தாதித்தொழிலும் பயில்வோர் இவ்வரலாற்றை உளங்கொள்க. பொது ஆஸ்பத்திரியில் ஏழைக்கு இரக்கம் மட்டும் போதாது. பிழைத்தோரையும் இறந்தோரையும் எண்ணுக; ஒப்பிடுக; தம் குற்றம் காணின் நாணாது திருத்துக; கண்டதைக் காலத்திலும் இன்சொல்லாலும் உரைக்க. அவ்வாறு செய்வாரால் தாய்மார் வாழ்வர்.