அதிதி ஸத்காரமும் எம்பெருமானாரும்

பூதபுரி எனப்படும் ஸ்ரீபெரும்பூதூரில், கி.பி. 1017ஆம் ஆண்டு, பிங்கள வருஷம் சித்திரைத் திருவாதிரை நன்னாளில், ஆஸூரி கேசவ ஸோமயாஜியாருக்கும் காந்திமதி அம்மையாருக்கும் திருக்குமாரராக அவதரித்தவர் ஸ்வாமி எம்பெருமானார். அம்மானாகிய பெரிய திருமலை நம்பிகள் சாற்றிய திருநாமம் இளையாழ்வார்.

பூவிருந்தவல்லியில் வைசிய குலத்தில் தோன்றிய திருக்கச்சி நம்பிகள், காஞ்சிப் பேரருளாளனுக்குத் திருவாலவட்டக் கைங்கரியம் செய்து வந்தவர். அவர் வந்து போகும் வழியில் இருந்தது பூதபுரி. பாலகரான இளையாழ்வார் அவரை வீதியில் கண்டு இல்லத்திற்கு அழைத்து, அமுது செய்வித்து, திருவடி பிடிக்கவும் முற்பட்டார் என்று பெரியோர் சொல்லிப் போருவர். அந்தணர் இல்லத்தில் அந்நாளில் இது எளிய காரியமன்று. தந்தையார் தடுத்ததாகக் கேள்வியில்லை. வந்தவரைக் கண்டு பெற்றோர் முகம் மலர்கிறதா, சுளிக்கிறதா என்பதைக் குழந்தை பார்த்துக்கொண்டே இருக்கிறதன்றோ!

பின்னர் காஞ்சியில் இல்லறம் நடத்துங்கால், நம்பிகளை மீண்டும் அமுது செய்ய அழைத்தார். அவர் அமுது செய்த சேஷத்தைத் தாம் ஸ்வீகரிக்க வேண்டும் என்பதே உள்ளக் கருத்து. இவர் ஒரு வீதி வழியே அழைக்கச் செல்ல, நம்பிகள் வேறு வழியே வந்து, கைங்கரியத்திற்கு நேரமாயிற்றென்று விரைவில் அமுது செய்து ஏகினார். தேவியார் தஞ்சமாம்பாள் இலையை எறிந்து, எஞ்சியதைப் பிறர்க்கு அளித்து, இடத்தைச் சாணமிட்டு மெழுகி, நீராடிப் புதிதாய்த் தளிகை செய்தார். இளையாழ்வார் திரும்பி வந்து கண்டது மெழுகிய தரையே. அம்மையாரைப் பழிப்பது எளிது. பிறந்தகத்தில் ஆசாரம் என்று இளமையில் கற்பிக்கப்பட்டதையே அவர் செய்தார் என்று கொள்வதே தகும். ஆசார்யரான பெரிய நம்பிகளின் தேவியாரோடு கிணற்றடியில் நேர்ந்த பூசலும் சேர, இல்லறம் முடிந்தது. இளையாழ்வார் துறவறம் பூண்டு எதிராசரானார்.

திருவரங்கத்திலிருந்து திருமலைக்கு எழுந்தருளும் வழியில் ஒரு கிராமம். அங்கே யக்ஞேசர் என்ற செல்வரான சீடர் இருந்தார். ஸ்வாமி வருகையை அறிவிக்க இரு ஸ்ரீவைஷ்ணவர்கள் முன்னே சென்றனர். செய்தி கேட்ட யக்ஞேசர் மகிழ்ச்சி மிகுதியால் ஏற்பாடுகளைச் செய்ய உள்ளே ஓடினாரே அன்றி, வழிநடந்து களைத்து வாசலில் நின்றவர்களைத் திரும்பியும் பார்த்திலர். கட்டுமாவடி கடந்து திருப்புல்லாணி ஸேவிக்கக் கடலோரமாய் நடந்த அடியார்களைக் கேட்டால் தெரியும், அவ்வேளையில் ஒரு செம்பு தண்ணீரும் திண்ணையில் சற்று இடமும் எத்தகைய பேறு என்பது! அவ்விருவரும் திரும்பி வந்து விண்ணப்பிக்க, ஸ்வாமி அம்மாளிகைக்குச் செல்லாமல் பருத்திக்கொல்லை அம்மையாரின் குடிசைக்கு எழுந்தருளினார். உடுத்த மாற்றுப் புடைவையும் இன்றி உள்ளே ஒடுங்கி நின்ற அவ்வம்மையாருக்குத் தம் மேலாடையை எறிந்தளித்து, அவ்வில்லத்திலேயே அமுது செய்தார். யக்ஞேசர் பிழை உணர்ந்து கலங்கி வந்தபோது, மீண்டு வருங்கால் அவரகத்திற்கும் எழுந்தருளுவதாக அருளினார்.

மேல்கோட்டையாகிய திருநாராயணபுரத்தில், தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்குத் திருக்குலத்தார் என்று பெயரிட்டுத் திருக்கோயிலுள் புக வழி செய்ததும் இவரே. திருவரங்கத்தில் காவிரி நீராடி மீளும்போது மல்லர் மரபினரான உறங்காவில்லி தாஸரின் கையைப் பற்றி வருவதும் வழக்கம். அதற்காக முணுமுணுத்தவர் பலர்.

அவ்வூர் வீதியில் ஒரு நாள் சிறுவர்கள் புழுதியில் கோயில் வரைந்து, பெருமாளை எழுந்தருளப் பண்ணி, மணலையே தளிகையாக அமுது செய்வித்து விளையாடினர். மாதுகரத்திற்கு எழுந்தருளிய ஸ்வாமியை அழைத்துப் பிரஸாதம் என்று மணலை நீட்டினர். உடன் வந்தோர் நகைத்திருப்பர். ஸ்வாமி தண்டன் ஸமர்ப்பித்து, அம்மணலைத் தம் பாத்திரத்தில் ஏற்றுக்கொண்டு, அடுத்த அகத்தின் வாசலுக்கு எழுந்தருளினார்.