விரல் நுனியில் பார்வை



பார்வையற்ற சகோதரர் ஒருவர் திருப்பலியில் முதல் வாசகத்தை விரல்களால் தடவி வாசிப்பதைக் கண்டிருப்பீர்கள். அந்த எழுத்தைத் தந்தவர் லூயி பிரெயில் என்ற கத்தோலிக்கர்.

1809, சனவரி 4 அன்று பிரான்சின் கூப்வ்ரே கிராமத்தில் பிறந்தார். மூன்று வயதில், தந்தையின் சேணப் பட்டறையில் குத்தூசி ஒரு கண்ணைக் குத்தியது. நோய்த்தொற்று மறு கண்ணையும் பறித்தது. அவருக்கு முதலில் பாடம் சொல்லிக்கொடுத்தவர் அவ்வூர்ப் பங்குத்தந்தை பல்லுயி. (குருக்களாகிய நாங்கள் மறக்கக்கூடாத பெயர்!)

1819-இல் பாரிசில் பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தார். அங்கிருந்த நூல்களில் எழுத்துகள் பெரிதாகப் புடைத்திருக்கும். மெல்லத் தடவிப் படிக்கலாம். தாமே எழுத இயலாது. படைத்துறையைச் சேர்ந்த பார்பியே, 12 புள்ளி முறை ஒன்றைக் கொண்டுவந்தார். அது ஒலியை மட்டுமே குறித்தது, ஒரு விரல் நுனிக்குள் அடங்கவுமில்லை. லூயி அதை ஆறு புள்ளிகளாகச் சுருக்கினார், 15 வயதில்! ஒரு சட்டமும் ஊசியும் இருந்தால் போதும். யார் தயவுமின்றி எழுதலாம்.

அப்பள்ளியிலேயே ஆசிரியரானார், ஆலயங்களில் ஆர்கன் வாசித்தார். ஆனால் 1840-களில் பள்ளித் தலைவர் இம்முறைக்குத் தடை விதித்தார். பார்வையுள்ளோரின் எழுத்தையே பார்வையற்றோரும் படிக்கவேண்டுமாம்! உதவி பெறுவோரைக் கேளாமலே உதவியை முடிவுசெய்யும் வழக்கம் நம்மிடமும் உண்டே. மாணவர்களோ மறைவாக எழுதினர், தடையும் நிலைக்கவில்லை.

காசநோயால் நலிந்த லூயி, 1852, சனவரி 6, திருக்காட்சித் திருநாளன்று தம் 43-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். பிரான்சு அவரது எழுத்தை அதிகாரப்பூர்வமாக ஏற்றது 1854-இல்தான். தமிழையும் இன்று அதே ஆறு புள்ளிகளில்தான் வாசிக்கிறார்கள்.