பந்து தந்தார், பதவி தந்திலர்: பல்வங்கர் பாலுவின் வாழ்வு

கோடையில் வையை வெறும் மணற்பரப்பாகக் கிடக்கும் நாள்களில், மதுரையைச் சுற்றியுள்ள சிற்றூர்களின் கண்மாய்கள் நீர்வற்றி வெடித்துக் கிடக்கும் நாள்களில், அங்கெல்லாம் சிறுவர்கள் கிரிக்கெட் ஆடுவதைக் காணலாம். கருவேலங்குச்சி மூன்றை நட்டுவிட்டால் ஆடுகளம் ஆயத்தமாகிவிடும். அவர்களிடையே எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. மட்டை எவனுடையதோ அவனே கேப்டன். பகலெல்லாம் ஓடியோடிப் பந்து வீசியவனுக்கு மட்டை பிடிக்கும் முறை வரும்போது, மட்டைக்குரியவன் வீட்டுக்குப் புறப்பட்டுவிடுவான். சிறுவர் உலகில் இது நகைப்புக்குரிய செய்தி. ஆனால், பெருந்திறன் படைத்த ஒருவரின் வாழ்நாள் முழுவதையும் இச்சட்டமே ஆண்டது என்றால் அதை நகைத்துவிட்டுக் கடந்து செல்ல இயலாது.

இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு மலரில் விளையாட்டு வீரர் ஒருவரின் வரலாறு எதற்கு என்று அன்பர்கள் வினவக்கூடும். திறமை ஒருவரிடம் இருக்க, தலைமை வேறொருவரிடம் சென்று சேர்வது ஆடுகளத்துக்கு மட்டும் உரிய வழக்கமன்று. அரங்குகளுக்கும் அது உரியது. ஆதலின், இந்தியக் கிரிக்கெட்டின் முதல் பெரும் பந்துவீச்சாளரெனப் போற்றப்படும் பல்வங்கர் பாலுவின் வாழ்வை நம் வட்டத்தினர் முன் வைக்க விழைகின்றேன்.

பிறப்பும் பிழைப்பும்

பாலு 1876ஆம் ஆண்டு தார்வாரில் பிறந்தார். அவருடைய குலத்தார் தோல் தைக்கும் தொழிலைச் செய்துவந்தவர்கள். அக்காரணத்தாலேயே தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்டவர்கள். தந்தையார் படைத்துறையில் பணியாற்றியமையால் குடும்பம் பூனாவில் வாழ நேர்ந்தது. வெள்ளைச் சிப்பாய்கள் ஆடிவிட்டு எறிந்த பழைய மட்டைகளையும் பந்துகளையும் கொண்டு பாலுவும் அவர் தம்பி சிவராமும் ஆடக் கற்றனர். கிரிக்கெட் பந்து தோலால் தைக்கப்படுவது. அத்தோலைப் பதப்படுத்தித் தைக்கும் குலத்தாரைத் தீண்டலாகாது, அவர்கள் கைத்தொழிலில் விளைந்த பொருளை மட்டும் தீண்டலாம் என்னும் முரண், பாலுவின் வாழ்வில் தொடக்கம் முதலே உடன் வந்தது.

முதலில் பார்சிகள் நடத்திய ஒரு கழகத்தில் களத்தைப் பெருக்கி உருளை இழுக்கும் வேலை கிடைத்தது. மாத ஊதியம் 3 ரூபாய். பின்னர் 1892ஆம் ஆண்டு, வெள்ளையர்க்கே உரியதாயிருந்த பூனா கிளப்பில் 4 ரூபாய் ஊதியத்தில் அமர்ந்தார். களத்தைச் சமன்செய்தல், கோடு கிழித்தல், பயிற்சி வலைகளைக் கட்டுதல் ஆகியவை அவருக்கு இடப்பட்ட பணிகள். அவற்றிடையே, பயிற்சி பெறும் துரைமார்களுக்குப் பந்து வீசும் வாய்ப்பும் வந்தது. இடக்கையால் மெதுவாகச் சுழற்றி எறியும் கலை அங்கேதான் முதிர்ந்தது.

அங்கு ஆடியவர்களுள் தலைசிறந்தவர் ஜே. ஜி. கிரெய்க் என்னும் படைத்தலைவர். இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் கவுண்டிக்காகவும் ஆடியவர். மற்றவர்கள் வருமுன்னரே களத்துக்கு வந்து, பாலுவைத் தனியே பந்து வீசச் சொல்லிப் பயிற்சி பெறுவார். தம்மை வீழ்த்தும் ஒவ்வொரு முறையும் பாலுவுக்கு எட்டணா தருவார் என்று கூறுவர். எட்டணா கிடைத்தது, மட்டை மட்டும் கிடைக்கவில்லை. அக்கழகத்தில் பல நூறு மணிநேரம் பந்து வீசிய பாலுவுக்கு ஒருமுறையேனும் மட்டை பிடிக்க வாய்ப்பளிக்கப்படவில்லை. பந்து வீசுவது ஊழியம், மட்டை பிடிப்பது உரிமை என்பதே அன்றைய நிலை. கண்மாயில் சிறுவர் வகுத்த சட்டம் பூனாவிலும் அதுவேயாக இருந்தது.

மண்குவளைத் தேநீர்

பூனாவில் இந்துக்களின் கழகம் ஒன்று வெள்ளையரை வெல்ல விரும்பியது. வெல்வதற்குப் பாலுவின் கை வேண்டும். ஆனால் அக்கையைத் தீண்டக்கூடாது. உறுப்பினர்களுள் சிலர் தயங்கினர், சிலர் எதிர்த்தனர். முடிவில் வெற்றி வேட்கை தயக்கத்தை வென்றது. பாலு அணியில் சேர்க்கப்பட்டார். ஆடுகளத்தில் எல்லாரும் அவர் தொட்ட பந்தையே தொட்டனர். இடைவேளையில் மற்றவர்கள் கூடத்தினுள் அமர்ந்து பீங்கான் கோப்பையில் தேநீர் அருந்த, பாலுவுக்கு மட்டும் வெளியே, அருந்திய பின் எறிந்துவிடத்தக்க மண்குவளையில் தேநீர் தரப்பட்டது. உணவும் தனியே, தட்டும் தனியே.

இவ்வணி பூனாவின் வெள்ளையரையும் சதாராவின் வெள்ளையரையும் தோற்கடித்தது. சதாராவில் பாலு 7 விக்கெட்டுகளை வீழ்த்தினார். சீர்திருத்தச் செம்மல் மகாதேவ கோவிந்த ரானடே அவரைப் பொதுவில் பாராட்டினார். ஒருவனோடு சேர்ந்து ஆடலாம் எனில் சேர்ந்து உண்பதில் என்ன தடை என்னும் எண்ணத்தை அப்பாராட்டு எழுப்பியது.

பம்பாயில் பெற்ற வெற்றி

பிளேக் நோய் பூனாவைச் சூறையாடிய காலத்தில் பாலு பம்பாய் சேர்ந்தார். சிலகாலம் படையில் பணியாற்றினார், பின்னர் ரயில்வேயில் வேலை பெற்று அதன் அணிக்கு ஆடினார். ஆட்டத்திறனுக்காக அலுவல் தருதல் என்னும் இம்முறையே இந்திய நாட்டில் நெடுங்காலம் வீரர்களின் ஒப்பந்தமாக விளங்கியது. பிற்காலத்தில் சென்னை அணிக்குத் தலைமை தாங்கிய நம் எம். ஜே. கோபாலன் பர்மா ஷெல் நிறுவனத்தில் பணிபுரிந்துகொண்டே ஆடியதும் இவ்வகைப்பட்டதே.

பம்பாயின் இந்து ஜிம்கானாவிலும் பாலுவைச் சேர்க்க எதிர்ப்பு எழுந்தது. அணித்தலைவர் கீர்த்திகர் வற்புறுத்தியமையால் கதவு திறந்தது. 1906ஆம் ஆண்டு பிப்ரவரியில் இந்துக்கள் அணி வெள்ளையர் அணியை எதிர்கொண்டது. இந்துக்கள் 242, 160. வெள்ளையர் 191, 102. 109 ஓட்ட வேறுபாட்டில் இந்துக்கள் வென்றனர். பாலு இரு முறையிலுமாக 8 விக்கெட்டுகளை வீழ்த்தினார். வங்கப் பிரிவினையால் நாடு கொதித்துக்கொண்டிருந்த அந்நாளில் இது விளையாட்டு வெற்றி என்பதனினும் பெரிதாகக் கருதப்பட்டது. தம்பி சிவராமும் அவ்வணியில் இருந்தார். அதற்குள் அணியினர் சகோதரர்களோடு சமமாக அமர்ந்து உண்ணத் தலைப்பட்டிருந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. மண்குவளை உடைந்தது எனலாம். ஆனால் நாற்காலி ஒன்று எஞ்சியிருந்தது.

இங்கிலாந்துப் பயணம்

1911ஆம் ஆண்டு, இந்திய அணி ஒன்று இங்கிலாந்து சென்று கவுண்டி அணிகளோடு பொருதது. அணித்தலைவர் பாட்டியாலா மகாராசா பூபிந்தர் சிங். அப்போது அவருக்கு அகவை 19. பாலுவுக்கு 35. மகாராசாவோ அரச விருந்துகளிலும் முடிசூட்டு விழாவிலும் பெரும்பொழுதைக் கழித்தார். களத்தில் இறங்கியது மிகச் சில ஆட்டங்களிலேயே. அணி பல ஆட்டங்களில் தோற்றது. லெஸ்டர்ஷயர், சாமர்செட் ஆகிய கவுண்டிகளை மட்டும் முதல்தர ஆட்டங்களில் வென்றது. தோல்விகளுக்கிடையிலும் பாலு எல்லா ஆட்டங்களிலுமாக 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அவற்றுள் 75 முதல்தர ஆட்டங்களில் பெற்றவை.

அந்நாளில் இங்கிலாந்திலும் கவுண்டிகளில் ஆடுவோர் இரு வகையினராகப் பிரிக்கப்பட்டிருந்தனர். ஊதியம் பெறாது ஆடும் கனவான்கள் ஒரு வகை. ஒப்பந்தப்படி ஊதியம் பெறும் தொழில்முறை ஆட்டக்காரர்கள் மற்றொரு வகை. உடை மாற்றும் அறை தனி, களத்துக்குள் செல்லும் வாயிலும் தனி. கனவானின் பெயரில் தலைப்பெழுத்து முன்னே அச்சிடப்படும், ஊதியக்காரரின் பெயரில் பின்னே. லார்ட்ஸ் மைதானத்தில் டிட்மஸ் என்னும் இளைஞரின் தலைப்பெழுத்து தவறி முன்னே அச்சாகிவிட, அதைத் திருத்திப் பின்னே வைத்துப் படிக்குமாறு ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள் என்பது கிரிக்கெட் உலகம் நன்கறிந்த செய்தி. அணித்தலைமை கனவானுக்கே உரியது என்பதே பெரும்பாலும் நிலைத்த மரபு. தொழில்முறை ஆட்டக்காரரான டாலரி தலைமையேற்று வார்விக்ஷயரை வாகையர் ஆக்கியது 1951இல்தான். லென் ஹட்டன் இங்கிலாந்து அணிக்கே தலைவரானது 1952இல். இந்தப் பாகுபாடே ஒழிந்தது 1962இல்.

நம் மதுரைச் சங்கத்தை எண்ணிப் பார்க்கின்றேன். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், மதுரைக் கூலவாணிகன் சாத்தனார், வெண்ணிக் குயத்தியார் எனப் புலவர் பெயர்களுக்கு முன்னும் தொழிலின் பெயர் நின்றது. அது அடையாளமாக நின்றதேயன்றி, தொகைநூலுள் இடம்பெறத் தடையாக நிற்கவில்லை. பெயரோடு ஒட்டிய தொழில், ஒருவரை அறிமுகம் செய்வதும் உண்டு, வாயிலில் நிறுத்திவிடுவதும் உண்டு. இங்கிலாந்தில் வாயிலில் நிறுத்தியது வருவாய் வழிப்பட்ட வகுப்பு. இந்தியாவில் நிறுத்தியது பிறப்பு வழிப்பட்ட சாதி. ஒன்றை மட்டும் மறக்கலாகாது. ரஞ்சித்சிங்ஜி என்னும் இந்தியக் கோமகன் 1899 முதல் 1903 வரை சசெக்ஸ் என்னும் ஆங்கிலக் கவுண்டிக்கே தலைவராக வீற்றிருந்தார். வெள்ளையர் நாட்டில் ஓர் இந்தியருக்குக் கிடைத்த தலைமை, இந்தியருடைய அணியில் இந்தியரான பாலுவுக்குக் கிடைக்கவில்லை.

எட்டாத நாற்காலி

இங்கிலாந்திலிருந்து மீண்டபின் ஆண்டுதோறும் பாலுவின் பெயர் தலைமைக்கு எழுந்தது, ஆண்டுதோறும் அமிழ்ந்தது. எம். டி. பை தலைவரானார். 1913ஆம் ஆண்டு தமக்கு நிகழ்ந்த பாராட்டு விழாவில், மூத்தவரும் பட்டறிவு மிக்கவருமான பாலுவுக்கே அப்பெருமை உரியது என்று பை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அவருடைய நேர்மை போற்றத்தக்கது. ஆயினும் ஒப்புக்கொண்டபின் நாற்காலி இடம் மாறவில்லை என்பதும் நோக்கத்தக்கது.

1920ஆம் ஆண்டு நிலைமை முற்றியது. நோயுற்ற பைக்கு மாற்றாகத் தலைமை டி. பி. தியோதருக்குத் தரப்பட்டது. பாலு அணியிலிருந்தே நீக்கப்பட்டார். தியோதரைவிட மூத்த ஆட்டக்காரர்களாகிய தம்பியர் சிவராமும் விட்டலும், சாதியின் பெயரால் தமக்கு இழைக்கப்பட்ட இழிவைப் பொதுமக்கள் அறிய எழுதிவிட்டு அணியிலிருந்து விலகினர். ஊதியத்துக்கோ பரிசுக்கோ அவர்கள் வழக்காடவில்லை, மதிப்புக்காக வழக்காடினர். மக்கள் ஆதரவு அவர்கள்பால் திரண்டது. இறுதி ஆட்டத்துக்குச் சகோதரர்கள் மீண்டும் அழைக்கப்பட்டனர். பாலு துணைத்தலைவர் ஆக்கப்பட்டார். ஆட்டத்தினிடையே பை களத்தைவிட்டுச் சிறிது பொழுது அகன்றுநின்று, பாலு அணியை நடத்த வழிவிட்டார். வாழ்நாள் உழைப்புக்குக் கிடைத்த தலைமை அச்சிறுபொழுதே. அவ்வாண்டோடு அவர் முதல்தர ஆட்டத்திலிருந்து விடைபெற்றார். 33 ஆட்டங்களில் 179 விக்கெட்டுகள் அவர் விட்டுச்சென்ற கணக்கு.

1923ஆம் ஆண்டு விட்டல் இந்துக்கள் அணியின் தலைவரானார். அவ்வாண்டு வெள்ளையரை வென்றபோது, உயர்சாதியினர் எனப்பட்டோரே அவரைத் தோளில் சுமந்து சென்றனர். அண்ணன் தட்டிய கதவு தம்பிக்குத் திறந்தது.

களத்துக்கு வெளியே

பாலுவின் வாழ்வு பின்னர் அரசியலைத் தொட்டது. இளமையில் அம்பேத்கர் அவரைப் பெருமைக்குரிய முன்னோடியாகக் கண்டவர். 1932இல் தனித்தொகுதிச் சிக்கலில் இருவரும் வெவ்வேறு பக்கம் நின்றனர். அவ்வாண்டு செப்டம்பரில் கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தில் அம்பேத்கரோடு பாலுவும் ஒப்பமிட்டார். நம் தமிழகத்தின் எம். சி. ராஜா, இரட்டைமலை சீனிவாசன், ராஜாஜி ஆகியோரின் ஒப்பங்களும் அதில் உள. 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரஸ் அம்பேத்கருக்கு எதிராகப் பாலுவையே நிறுத்தியது. அம்பேத்கர் 13,245 வாக்குகளும் பாலு 11,225 வாக்குகளும் பெற்றனர். தலைமை தராத சமூகம், தலைவர் ஒருவரை எதிர்க்க மட்டும் அவரைத் தேடி வந்தது என்று வருந்துவோர் உண்டு. தாம் நம்பிய வழியில் அவர் நின்றார் என்று கொள்வோரும் உண்டு. இரண்டிலும் உண்மை உளது என்பது என் கருத்து. 1955ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் பம்பாயில் அவர் மறைந்தார்.

நாம் எண்ண வேண்டியது

1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களை மீனாட்சியம்மன் திருக்கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். அந்நாள் மதுரையின் பெருமைக்குரிய நாள். ஆனால் வாயிலுக்குள் நுழைய விடுதல் வேறு, உள்ளே வந்தவரைத் தலைமை இருக்கையில் அமர்த்துதல் வேறு. பாலுவின் வாழ்வு இவ்விரண்டுக்கும் உள்ள தொலைவை அளந்து காட்டுகின்றது. மண்குவளையிலிருந்து பீங்கான் கோப்பைக்கு வர ஏறத்தாழப் பத்தாண்டு ஆயிற்று. கோப்பையிலிருந்து நாற்காலிக்கு அவர் கடைசிவரை வந்து சேரவில்லை.

பட்டிமன்ற அணிகளில் பெண்கள் பலர் பேசுகின்றோம். நடுவர் இருக்கையில் அமர்ந்த பெண்டிரை விரல்விட்டு எண்ணிவிடலாம். கவியரங்கில் கைத்தட்டல் பெறும் கவிஞர் ஒருவர், தலைமை தாங்குபவர் வேறொருவர். தலைமைக்குரியவர் இன்னார் என மேடையில் ஒப்புக்கொண்டுவிட்டு, நாற்காலியில் நாமே அமர்ந்திருக்கும் பையாக நாமும் இருந்திருக்கின்றோம். நம் வட்டம் பத்தாண்டு நிறைத்து, பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கின்றது. வரும் கூட்டங்களில், இதுவரை கடைசி வரிசையில் அமர்ந்து நல்ல கவிதை தந்தவர்களை முறைவைத்துத் தலைமையேற்கச் செய்வோம். பந்தை மட்டும் தந்துவிட்டுப் பதவியை நம் கையில் வைத்துக்கொள்ளாதிருப்பதே பாலுவுக்கு நாம் செய்யும் அஞ்சலியாகும்.