வெறுங்கால் ஆட்டக்காரர்களின் தலைவர்



நம் கல்லூரிக் கால்பந்து அணி மண்டல ஆட்டங்களோடு நின்றுவிடாமல் மேல்மட்டப் போட்டிகளுக்குப் போக வேண்டும், அதற்கு நம் சங்கம் நிதி திரட்ட வேண்டும் என்ற பேச்சு நடப்பது எல்லோருக்கும் தெரியும். அதையொட்டி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். எனக்கு உடனே ஞாபகம் வந்தவர் ஒரு வங்காளி, நகேந்திர பிரசாத் சர்வாதிகாரி. இந்தியக் கால்பந்தின் தந்தை என்று அவரைத்தான் சொல்கிறார்கள். பெயரைப் பார்த்து யாரும் பயந்துவிட வேண்டாம். நம்ம தமிழில்தான் அந்தச் சொல்லுக்கு வேறு வாசனை. அங்கே அது குடும்பப் பெயர், அவ்வளவுதான்.

பிறந்தது 1869-இல். தந்தையார் சூர்யகுமார் பெயர் பெற்ற மருத்துவர். அண்ணன் தேவபிரசாத் பிற்காலத்தில் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவே இருந்தவர். ஆக, படிப்பு மணக்கும் வீடு. அந்த வீட்டுப் பையனுக்குப் பந்துப் பைத்தியம் பிடித்த கதையை இப்படிச் சொல்வார்கள். 1870-களின் கடைசியில் ஒருநாள், கங்கையில் குளிக்கப் போன அம்மாவோடு வண்டியில் போய்க்கொண்டிருந்தானாம். மைதானத்தில் வெள்ளைக்காரர்கள் பந்தை உதைத்து விளையாடுவதைப் பார்த்து, வண்டியை விட்டு இறங்கி வேடிக்கை பார்த்திருக்கிறான். பந்து ஒருதரம் அவன் பக்கம் உருண்டு வர, அதை உதைத்துத் திருப்பி அனுப்பினான். வயது பத்துக்கூட நிரம்பியிருக்காது.

அதற்கு அப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியம். பையன் படித்தது ஹேர் பள்ளிக்கூடத்தில். மறுநாள் வகுப்புத் தோழர்களிடம் போய் விஷயத்தைச் சொன்னான். பந்து வாங்கக் காசு வேண்டுமே? ஆளுக்குக் கொஞ்சமாக எல்லாரும் போட்டார்கள். வீட்டில் கேட்டால் வசதி இருந்த பையன்தான், ஆனாலும் சேர்ந்து போட்ட காசில்தான் அந்த முதல் பந்து வந்தது. கடையிலே போய் வாங்கிவந்து உதைத்தால் அது பிடி கொடுக்காமல் எங்கெங்கோ துள்ளுது. வாங்கினது ரக்பிப் பந்து! முட்டை வடிவம். கால்பந்துக்கும் ரக்பிக்கும் வித்தியாசம் அந்தக் குழந்தைகளுக்கு எப்படித் தெரியும்?

பக்கத்திலேயே பிரசிடென்சி கல்லூரி. அங்கே ஸ்டேக் என்ற ஆங்கிலப் பேராசிரியர் பிள்ளைகள் படும் பாட்டைப் பார்த்து, சரியான ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார். அவர் அன்றைக்குச் சிரித்துவிட்டுப் போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அப்புறம் ஆட்டம் கல்லூரிகளுக்குள் பரவியது. 1880-களில் பிரசிடென்சி, புனித சவேரியார், சிப்பூர் பொறியியல் கல்லூரி, மருத்துவக் கல்லூரி என்று ஒவ்வொன்றிலும் அணி முளைத்தது. இந்தியாவில் நம்மவர்கள் கால்பந்து கற்றது பெரும்பாலும் கல்லூரி வாசலில்தான் என்பதை இன்றைய மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நகேந்திரர் சும்மா இருக்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகக் கிளப்புகளை ஆரம்பித்துக்கொண்டே போனார். அதில் வெல்லிங்டன் கிளப் நன்றாக வளர்ந்தது. பணக்காரப் பிள்ளைகளும் மேல்சாதிப் பிள்ளைகளும் நிறைந்த இடம். அங்கே மணி தாஸ் என்ற பையனை நகேந்திரர் சேர்க்கப் பார்த்தார். பானை வனையும் குயவரின் மகன், நல்ல ஆட்டக்காரன். உறுப்பினர்களில் பலர் கூடாது என்றார்கள். சந்தா கொடுப்பவர்கள் அவர்கள், அவர்கள் போனால் கிளப்பே இல்லை. நகேந்திரர் ஆளை விடவில்லை, கிளப்பை விட்டார். தன் கையால் கட்டியதைத் தானே கலைத்துவிட்டு வெளியே வந்தார். காசு கொடுக்கிறவன் யாரை ஆட்டத்தில் சேர்க்கலாம் என்று முடிவு பண்ண ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குயவர் வீட்டுப் பையன்தான் ஞாபகம் வருகிறான். குஜிலியம்பாறைப் பக்கத்து வானம் பார்த்த பூமியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து நம் கல்லூரிக்கு வந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஆடிய பையன்களோடு நானும் படித்தவன்.

கையில் கிளப் இல்லை, பணமும் வேண்டும். இங்கேதான் சோவாபஜார் அரண்மனை வருகிறது. நகேந்திரர் மணந்தது அந்த ராஜ குடும்பத்துப் பெண்ணை. அந்த வீட்டாரின் ஆதரவோடு 1887-இல் சோவாபஜார் கிளப் தோன்றியது. மணி தாஸ் அதில் ஆடினான். அரண்மனைப் பணம் வந்தது, ஆனால் யார் ஆடுவது என்பதை நகேந்திரரே வைத்துக்கொண்டார். அதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம் என்பேன்.

1889-இல் டிரேட்ஸ் கோப்பைப் போட்டி துவங்கியது. கல்கத்தா வணிகர்கள் தந்த கோப்பை, அதனால் அந்தப் பெயர். வெள்ளைக்காரப் பட்டாள அணிகளோடு மோத வேண்டும். அவர்களுக்குப் பூட்ஸ், ராணுவச் சாப்பாடு, தினசரிப் பயிற்சி. நம்மவர்கள் வெறுங்காலோடு ஆடிப் பழகியவர்கள். இருந்தும் 1892-இல் கிழக்கு சர்ரே படைப்பிரிவை 2-1 என்று சோவாபஜார் தோற்கடித்தது. போட்டி ஆட்டத்தில் இந்திய அணியிடம் ஆங்கிலேய அணி தோற்றது அதுவரை கேள்விப்படாத விஷயம். 1893-இல் இந்தியக் கால்பந்துச் சங்கம் உருவானபோது அதிலே நகேந்திரருக்கும் பங்கு இருந்தது. அந்த வருடமே ஆரம்பித்த ஐ.எப்.ஏ. கேடயப் போட்டியில் கலந்துகொண்ட ஒரே இந்திய அணி சோவாபஜார்தான்.

பிறகு 1911 ஜூலை 29-இல் மோகன் பகான் அதே கேடயத்தைக் கிழக்கு யார்க்ஷைர் படைப்பிரிவிடமிருந்து 2-1 என்று வென்றதைப் பள்ளிப் புத்தகங்கள்கூடச் சொல்கின்றன. அதற்கு 19 வருடம் முந்திய வெற்றியை யாரும் சொல்வதில்லை. சோவாபஜார் கிளப் அந்த உயரத்தை மறுபடி எட்டவேயில்லை. ஒரு மனிதரையும் ஒரு வீட்டையும் நம்பி நின்ற கிளப் அது.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். ஒரே ஒருவர் முழுச் செலவையும் ஏற்றுக்கொண்டு அணிக்குத் தம் பெயரை வைத்துக்கொள்ளட்டுமே என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். தப்பான எண்ணம் இல்லை, வேலை சுலபமாக முடியும். எனக்கு ஹேர் பள்ளிப் பையன்கள் வழிதான் பிடித்திருக்கிறது. பயிற்சியாளர் சம்பளம், பூட்ஸ், வெளியூர்ப் பயணச் செலவு, மாலை நேரத்தில் வயிறு நிறைய ஒரு சாப்பாடு. இதை நாலு பேர் கொடுப்பதைவிட நானூறு பேர் கொடுத்தால், ஒருவர் ஒதுங்கினாலும் அணி நிற்காது. பெரிய தொகை தருகிறவரும் தரட்டும், ஆனால் அணியைத் தேர்ந்தெடுப்பது உடற்கல்வி ஆசிரியர் கையிலேயே இருக்கட்டும். பொதுக்குழுவில் இந்தத் தீர்மானத்தை நான் முன்மொழியப் போகிறேன், ஆட்சேபம் உள்ளவர்கள் அங்கேயே எழுந்து சொல்லலாம்.

நகேந்திரர் வழக்கறிஞர் தொழில் பார்த்தவர். கிரிக்கெட், ஹாக்கி, டென்னிஸ் என்று மற்ற ஆட்டங்களையும் விடவில்லை. 1940 ஜனவரி 17 அன்று எழுபதாவது வயதில் காலமானார். 2021-இல் அவர் வாழ்க்கையை வைத்து வங்காளத்தில் கோலந்தாஜ் என்று ஒரு படம் வந்தது. விடுதித் தம்பிகள் யாராவது தேடிப் போட்டுப் பாருங்கள், மொழி புரியாட்டாலும் பந்து புரியும்.