மதுரைக்கு வந்த ஆசான் தத்துவ போதகர்



ஜூபிலி ஆண்டில் கோயில் எழுப்பியவர்களையும், மணி வாங்கிக் கொடுத்தவர்களையும், கொடிமரம் நாட்டியவர்களையும் நன்றியோடு நினைவுகூர்கின்றோம். அது நம் கடமை. ஆயினும் கல்லும் சுண்ணாம்பும் எழும்புமுன் இம்மண்ணில் விசுவாசம் எழும்பியது. அதை எழுப்பியவர்கள் சொல்லிக்கொடுத்தவர்கள். அவர்களுள் தலையாயவர் இராபர்ட் தெ நொபிலி சுவாமி. தமிழ் மக்கள் அவருக்கு இட்ட பெயர் தத்துவ போதகர். நம் பங்கின் ஞாயிறு மறைக்கல்வி வகுப்புகளை மனத்தில் வைத்து, அவரது வாழ்க்கையை இங்கே சுருக்கமாக எழுத விழைகின்றோம்.

1577-ஆம் ஆண்டில் உயர்குடியில் பிறந்தவர் அவர். குடும்பத்தார் தடுத்தும் கேளாமல் சேசு சபையில் சேர்ந்தார். 1605-இல் கோவாவில் வந்திறங்கி, கொச்சியிலும் முத்துக்குளித்துறையிலும் சில காலம் தங்கித் தமிழ் பயின்று, 1606-ஆம் ஆண்டின் இறுதியில் மதுரை வந்து சேர்ந்தார். அப்போது மதுரை நாயக்க மன்னர்களின் தலைநகரம். கற்றோரும் மாணாக்கரும் நிறைந்த நகரம்.

அங்கே 1595 முதல் கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துக்கீசிய சுவாமியார் பணிபுரிந்து வந்தார். அவர் தம் இளமையில் போர்வீரர். கடற்கரையிலிருந்து வந்து தங்கியிருந்த கிறிஸ்தவர்களைக் கவனித்தார். பள்ளியும் மருந்துச் சாலையும் நடத்தினார். பக்தியிலும் உழைப்பிலும் குறைவில்லை. ஆனால் பதினோர் ஆண்டுகளாகியும் நகர மக்களில் ஒருவர்கூட ஞானஸ்நானம் பெற முன்வரவில்லை.

இளங்குருவான நொபிலி இதற்குக் காரணம் தேடினார். மக்களின் மனம் கல்லென்று சொல்லி ஓய்ந்துவிடவில்லை. கற்பித்த முறையையே சோதித்தார். ஞானஸ்நானம் பெற வந்தவனிடம், பரங்கிக் குலத்தில் சேரச் சம்மதமா என்ற பொருள்படத் தமிழில் கேட்கும் வழக்கம் அந்நாளில் இருந்தது. பரங்கி என்றால் மாட்டிறைச்சி உண்டு, மது அருந்தி, குளியாமல் திரியும் அயலான் என்பதே மக்கள் கருத்து. ஆகவே கேட்டவன் காதில் விழுந்தது கிறிஸ்துவின் அழைப்பு அன்று. தன் குலத்தையும் குடும்பத்தையும் துறந்து வா என்ற கட்டளை. பூசையைக் குறித்த அயல்மொழிச் சொல்லோ, மீசை என்று ஒலித்து நகைப்புக்கு இடமாயிற்று.

எனவே போதிக்கத் தொடங்குமுன் அவர் மாணாக்கரானார். காவி உடுத்தி, மண் குடிசையில் தங்கி, நாளுக்கு ஒருவேளை மரக்கறி உணவு உண்டார். தமிழை ஆழ்ந்து கற்றார். சிவதர்மர் என்ற பிராமணப் பண்டிதரிடம் சமஸ்கிருதமும் வேத நூல்களும் பயின்றார். கேட்பவனுக்கு ஏற்கெனவே என்ன தெரியும், எங்கே தடுமாறுவான், எந்தச் சொல் அவன் உள்ளத்தில் நுழையும் என்பதைக் கண்டபின்பே வாய் திறந்தார்.

அடுத்து, பாடத்திற்கு வரிசை அமைத்தார். பகுத்தறிவால் எட்டக்கூடியது முதலில்: உலகைப் படைத்தவர் ஒருவர் உண்டு, அவர் ஒருவரே, ஆன்மா அழியாதது என்பன. தேவ வெளிப்பாட்டால் மட்டும் அறியத்தக்க திரித்துவமும் மனிதாவதாரமும் அதன் பிறகு. அடித்தளம் இறுகாமல் மேல்மாடி கட்டுவதில்லை. 1607-இல் ஒரு பள்ளி ஆசிரியர் அவரிடம் வாதிட வந்தார். நாள்தோறும் மணிக்கணக்காக, இருபது நாள் அந்த உரையாடல் நடந்தது. வந்தவரின் ஐயங்களே அன்றன்றைய பாடமாயின. முடிவில் அந்த ஆசிரியரே ஆல்பர்ட் என்ற பெயருடன் ஞானஸ்நானம் பெற்றார். இன்று ஆசிரியப் பயிற்சியில் மாணவனை அறிதல், குறிக்கோள் வகுத்தல், படிப்படியாகக் கற்பித்தல், புரிந்ததா எனச் சோதித்தல், புரியாவிடின் முறையைத் திருத்துதல் என்று சொல்லிக்கொடுக்கிறார்களே, அதைத்தான் நானூறு ஆண்டுகளுக்கு முன் மதுரைக் குடிசையில் அவர் செய்து காட்டினார்.

தாம் இல்லாத இடத்திலும் பாடம் நடக்க வேண்டும் என்று நூல்கள் எழுதினார். ஞானோபதேச காண்டம், ஆத்தும நிருணயம், தூஷணத் திக்காரம் முதலியன தமிழ் உரைநடைக்கும் வழிகோலின.

ஆனால் சிலுவை இல்லாமல் இல்லை. அவரது முறைமீது உடன் உழைத்த பெர்னாண்டஸ் சுவாமியே மேலிடத்தில் முறையிட்டார். பல ஆண்டு விசாரணைக்குப் பின், 1623-இல் பதினைந்தாம் கிரகோரி பாப்பரசர் பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் முதலிய வழக்கங்களைச் சில நிபந்தனைகளோடு அனுமதித்தார். 1640-இல் மதுரையில் சிறைப்பட்டு, அடுத்த ஆண்டு விடுதலையானார். முதுமையில் யாழ்ப்பாணத்திலும் பின்னர் மயிலாப்பூரிலும் இருந்தார். கண்பார்வை மங்கிய நிலையிலும், பிறர் எழுதத் தாம் சொல்லி, நூல்களைச் செப்பனிட்டு வந்தார். 1656 ஜனவரி 16-ஆம் நாள் மயிலாப்பூரில் இறைவனடி சேர்ந்தார்.

ஒன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். சாதி வேற்றுமையைச் சமுதாய வழக்கம் என்று அவர் ஏற்றுக்கொண்டார். உயர்ந்தோர் எனப்பட்டவர்களுக்கு ஒரு குருவும், தாழ்த்தப்பட்டவர்களுக்குப் பண்டாரசுவாமிகள் என்ற வேறு குருக்களுமாக மிஷன் பிரிந்து நடந்தது. கதவைத் திறப்பதற்காகக் கையாண்ட வழி, உள்ளே வந்தவர்களுக்கு நடுவே சுவராயிற்று. வடக்கன்குளம் கோயிலில் சாதிக்கொரு பக்கமாக மக்களைப் பிரித்து நின்ற சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. சொல்லாமல் விட்ட பாடத்தையும் மக்கள் கற்றுக்கொள்கிறார்கள். ஒரே அப்பத்தில் பங்குகொள்கிறோம் என்று வாயால் கற்பித்துவிட்டு, கல்லறையிலும் தேர்த் திருவிழாவிலும் பிரித்து வைத்தால், குழந்தைகள் எதை நம்புவார்கள்? நம் பங்கும் இந்தக் கேள்விக்கு இந்த ஜூபிலி ஆண்டில் பதில் சொல்ல வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. நம் சிறுவர் சிறுமியர் விசுவாச மந்திரத்தை ஒரு மூச்சில் ஒப்புவிக்கிறார்கள். அதன் பொருளைக் கேட்டால் தரையைப் பார்க்கிறார்கள். அது அவர்கள் குற்றமன்று. புதுநன்மை நாள் நெருங்கிவிட்டதென்ற அவசரத்தில், ஒப்புவித்தால் போதும் என்று விட்டுவிட்டவர்கள் நாமே. உபதேசியார்களும், கன்னியர்களும், மறைக்கல்வி ஆசிரியர்களும், எல்லாருக்கும் முதல் ஆசிரியர்களான பெற்றோர்களும் தத்துவ போதகரைப் போல முதலில் குழந்தையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு சொல்லிக்கொடுப்பார்களாக.

கோயிலை நம் முன்னோர் கட்டித் தந்தார்கள். அதற்குள் நுழையும் அடுத்த தலைமுறைக்கு விசுவாசத்தை விளங்கச் சொல்லும் பொறுமையையும், சொன்னபடி நடக்கும் துணிவையும் சர்வேசுரன் நம் அனைவருக்கும் தந்தருள்வாராக.