எஹெலேபொல மகா அதிகாரம்

மாணவர்களே, இரத்தினபுரி தேசிய நூதனசாலைக்குச் சென்றிருக்கிறீர்களா? மாணிக்கக் கற்களையும், மண்படிவுகளில் கிடைத்த யானை, காண்டாமிருக எச்சங்களையும் பார்த்திருப்பீர்கள். ஆனால் அவை வைக்கப்பட்டுள்ள கட்டடத்தைக் கவனித்தீர்களா? அதுதான் எஹெலேபொல வளவ்வ. கண்டி இராச்சியத்தின் கீழ் சப்பிரகமுவைத் திசாவையாக இருந்த எஹெலேபொல வாழ்ந்த மாளிகை. 1988இல் நூதனசாலை இங்கு அமைக்கப்பட்டது.

எஹெலேபொல 1773இல் பிறந்தவர். 1811இல் பிலிமத்தலாவ மரண தண்டனைக்கு உள்ளானபின், ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் இவரையே முதலாம் அதிகாரமாக நியமித்தான். (இவ்விரு அதிகாரங்களையும் மாணவர்கள் பலர் மாற்றி எழுதுகின்றனர். முந்தியவர் பிலிமத்தலாவ.) மன்னனுக்கும் இவருக்கும் நல்லுறவு நீடிக்கவில்லை. 1814இல் சப்பிரகமுவையில் இவர் கிளர்ச்சி செய்தார். அதனை அடக்க மன்னன் மொல்லிகொடையை அனுப்பினான். தோல்வியுற்ற எஹெலேபொல கொழும்பிலிருந்த ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தார்.

ஆனால் மனைவி மக்கள் கண்டியில் மன்னனின் பிடியில் இருந்தனர். பிள்ளைகள் சிரச்சேதம் செய்யப்பட்டனர். மூத்தவன் அஞ்சி நிற்க, தம்பி மத்தும பண்டார தானே முன்வந்து தலை கொடுத்தான் என்று கூறப்படுகிறது. தாய் போகம்பரை வாவியில் மூழ்கடிக்கப்பட்டார். தந்தை செய்த கிளர்ச்சிக்குப் பாலகர்கள் என்ன செய்வார்கள்? மக்கள் மன்னனை வெறுக்க இச்சம்பவம் பெரிதும் காரணமாயிற்று. மன்னன் தென்னிந்திய நாயக்கர் வம்சத்தவன் என்பதை மட்டும் காரணமாக எழுதி விடையை முடித்துவிடாதீர்கள்.

1815இல் ஆங்கிலேயர் கண்டிக்குப் படையெடுத்தபோது எஹெலேபொல உதவினார். பெப்ரவரி 18இல் மன்னன் பிடிபட்டான். மார்ச் 2இல் கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானது. சிம்மாசனம் தமக்குக் கிடைக்குமென இவர் எதிர்பார்த்திருந்தார். அதுவோ இங்கிலாந்து மன்னருக்குப் போயிற்று! தேசாதிபதி பிரவுன்றிக் கொடுக்க முன்வந்த பதவியை இவர் ஏற்கவில்லை. ஆகவே தம்மைத் தோற்கடித்த அதே மொல்லிகொட முதலாம் அதிகாரமாக இருப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

1818 ஊவா வெல்லச கிளர்ச்சியின்போது சந்தேகத்தின் பேரில் இவர் கைது செய்யப்பட்டார். ஏழு ஆண்டுகள் கொழும்பில் காவலில் இருந்தபின், 1825இல் மொரிசியசுக்கு நாடுகடத்தப்பட்டார்.

இவர் துரோகியா, குடும்பத்தை இழந்தவரின் பழிவாங்கலா என்று கேட்டால், இரு பக்கத்துக்கும் சான்று காட்டுங்கள். குடும்பம் கொல்லப்படுமுன்பே இவர் ஆங்கிலேயருடன் தொடர்பு வைத்திருந்தார் என்பதையும் மறைக்க வேண்டாம்.

இவர் 1829இல் மொரிசியசிலேயே இறந்தார். கல்லறை அங்கே பம்பிள்மூசில் உள்ளது. இவர் சிறைப்படுத்த உதவிய மன்னனோ வேலூர்க் கோட்டையில் 1832 வரை உயிர் வாழ்ந்தான்.