ககனேந்திரநாத் தாகூர்

ககனேந்திரநாத் தாகூர் (செப்டம்பர் 18, 1867 - பெப்ரவரி 14, 1938) வங்காளத்தைச் சேர்ந்த ஓவியரும் கேலிச்சித்திரக் கலைஞரும் ஆவார். இந்தியாவில் கறுப்பு வெள்ளைக் கல்லச்சைக் கலை வடிவமாகக் கையாண்ட முன்னோடிகளுள் ஒருவர். கவிஞர் இரவீந்திரநாத் தாகூர் இவருக்குச் சிற்றப்பா முறையினர். ஓவியர் அபனீந்திரநாத் தாகூர் இவருடைய தம்பி. ஓவியர் சுனயனி தேவி தங்கை.

இளமையும் பயிற்சியும்

கொல்கத்தாவின் ஜோராசங்கோ இல்லத்தில் பிறந்தார். தந்தை குணேந்திரநாத் 1881 இல் மறைந்தபோது இவருக்கு 14 வயது. இவரே மூத்த மகன். அரிநாராயண் பந்தோபாத்யாயரிடம் சிறிது காலம் நீர்வண்ணம் பயின்றார். 1903 இல் கொல்கத்தா வந்த ஜப்பானிய ஓவியர் யொகோயாமா தைக்கான் வழியாகத் தூரிகை, மை ஆகியவற்றின் நுட்பங்களை அறிந்தார். 1907 இல் தம்பியுடன் இணைந்து கீழைத்தேயக் கலைக்கான இந்தியக் கழகத்தை நிறுவினார். 1912 இல் வெளிவந்த இரவீந்திரநாத்தின் தன்வரலாற்று நூலான ஜீவன்ஸ்மிருதிக்கு மை ஓவியங்கள் வரைந்தார்.

கல்லச்சுப் படங்கள்

1917 முதல் 1921 வரையான காலத்தில் அத்புத லோக், பிரூப பஜ்ர, நப ஹுல்லோட் ஆகிய கேலிச்சித்திரத் தொகுப்புகளை வெளியிட்டார். கல்லச்சில் கொழுப்பு கலந்த மையால் கல்லின் மீது வரைந்து, பின்னர் கல்லை நீரால் நனைப்பர். உருளையால் தடவும் அச்சு மை, வரைந்த இடத்தில் மட்டுமே பற்றும். தாளின் வெறுமையே வெள்ளையாக நிற்கும். இம்முறையில் கிடைக்கும் அடர்ந்த கறுப்பை இவர் திறம்படப் பயன்படுத்தினார். ஆங்கிலேயரைப் போலி செய்யும் கனவான்கள், சமயப் போலிகள், இயந்திரமாகிவிட்ட பல்கலைக்கழகக் கல்வி ஆகியவை எள்ளலுக்குள்ளாயின. 1919 இல் நடந்த ஜாலியன்வாலாபாக் படுகொலையை அடுத்துப் பஞ்சாபில் அமைதி திரும்பியதாகக் கூறப்பட்டதைச் சாடியும் ஒரு படம் வரைந்தார்.

ஒளியும் நிழலும்

1920களில் எள்ளல் குறைந்து, கனவுத்தன்மை மிகுந்தது. மாடிப்படிகள், பாதி திறந்த கதவுகள், இருண்ட தாழ்வாரங்கள், அவற்றினூடே வெட்டிச் செல்லும் ஒளி ஆகியவை இக்கால ஓவியங்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒளி எங்கிருந்து வருகிறது என்பது பெரும்பாலும் காட்டப்படுவதில்லை. பிரான்சின் குறியீட்டிய ஓவியர் ஒடிலோன் ரெடோன் (1840-1916) தம் கல்லச்சுப் படங்களில் கறுப்பை அகவுலகின் நிறமாக்கியதோடு இது ஒப்பிடத்தக்கது.

1922 இல் இக்கழகம் கொல்கத்தாவில் நடத்திய கண்காட்சியில் ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைஞர்களின் படைப்புகள் இடம்பெற்றன. அதே ஆண்டில் கலை வரலாற்றாளர் ஸ்டெல்லா கிராம்ரிஷ், ரூபம் இதழில் இவரை இந்தியக் கியூபிச ஓவியராக அறிமுகப்படுத்தினார். 1959 இல் டபிள்யூ. ஜி. ஆர்ச்சர் இவ்வோவியங்களை ஐரோப்பியக் கியூபிசத்தின் வலுவற்ற போலி என்று மதிப்பிட்டார். இம்மதிப்பீட்டை 2007 இல் பார்த்தா மித்தர் மறுத்தார். கியூபிச ஓவியர்கள் பொருளின் உருவத்தைப் பகுத்தனர். ககனேந்திரநாத் ஒளியைக் கொண்டு வெளியைப் பகுத்தார். பொருளின் அமைப்பை ஆராய்வதைவிட, மறைவான ஒன்றை உணர்த்துவதே இவருடைய நோக்கமாக இருந்தது.

இறுதிக் காலம்

1930 இல் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டுப் பேச்சையும் ஓவியம் வரையும் ஆற்றலையும் இழந்தார். எட்டு ஆண்டுகள் அந்நிலையிலேயே வாழ்ந்து 1938 இல் மறைந்தார். இவருடைய படைப்புகள் 1972 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்த் தேசியக் கலைச் செல்வங்களாக அறிவிக்கப்பட்டமையால் அவற்றை இந்தியாவிலிருந்து ஏற்றுமதி செய்ய இயலாது.